போர்க்கால லாரிகளும் அவற்றின் மறுவாழ்வும்

வரலாற்றுச் சின்னம் என்ற சொல்லைக் கேட்டதும் கோயிலும் கோட்டையும் கல்வெட்டும் செப்பேடுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாட்டனார் காலத்தில் தெருவில் ஓடிய ஒரு லாரியை அந்த வரிசையில் சேர்க்க நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. நெல்லையும் விறகையும் செங்கல்லையும் சுமந்து தேய்ந்தபின், காயலான் கடைத் தராசில் இரும்பு விலைக்கு நிறுக்கப்பட்டு மறைவதே அதன் விதி என்று கருதிவந்திருக்கிறோம். ஆயினும், சென்ற நூற்றாண்டில் தென்னாட்டின் வாணிகமும் பட்டறைத் தொழிலும் எவ்வாறு வளர்ந்தன என்பதை அறிய விரும்புவோர்க்குப் பழைய லாரி ஒரு நேர்மையான சாட்சி. அதன் மேலுள்ள ஒவ்வோர் ஒட்டும் ஒவ்வொரு காலத்தின் தேவையைச் சொல்லும். அத்தகைய கனத்த வண்டிகளைத் தேடியெடுத்துச் செப்பனிட்டு, ஓடும் நிலையில் வைத்துப் பேணுவதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகின் பல நாடுகளில் உளர். நம் நாட்டில் அவர்கள் மிகச் சிலர். அவர்களுடைய பணி என்ன, அதற்கு முன் நிற்கும் தடை என்ன என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இந்த ஆராய்ச்சியைத் தொடங்குவதற்குப் பெங்களூரின் ஜோகுபாளையம் ஏற்ற இடமாகும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றித் தண்டு அமைத்தபோது, அப்படையோடும் அதன் பின்னும் தமிழ் மக்கள் பெருந்திரளாக வந்து அல்சூர்ப் பக்கங்களில் குடியேறினர். அல்சூர் ஏரியை அடுத்துள்ள ஜோகுபாளையத்தின் குறுகிய தெருக்களில் இன்றும் தமிழ் ஒலிக்கின்றது. சென்னைச் சாப்பர்கள் எனப் புகழ்பெற்ற பொறியாளர் படையின் தலைமையகம் ஏரிக்கரைப் பக்கம் இருக்கின்றது. 515 என்னும் எண் பெற்ற இராணுவத் தளப் பட்டறையும் இவ்வட்டாரத்ததே. சற்றே அப்பால், ஓசகோட்டை, கோலார், முள்பாகல் வழியாகத் தமிழகம் நோக்கிச் செல்லும் பழைய சென்னைச் சாலை தொடங்குகின்றது. இராணுவமும் நெடுஞ்சாலையும் பட்டறையும் சூழ்ந்த ஓரிடத்து மக்களுக்கு இராணுவ லாரி என்பது அன்றாடம் கண்ட பொருள். அதை ஓட்டியவரும் திறந்து பார்த்துப் பூட்டியவரும் இவ்வட்டாரத்துக் குடும்பங்களில் இருந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் நம் நாட்டில் லாரிகள் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928ஆம் ஆண்டு முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றது. ஃபோர்டு நிறுவனமும் அவ்வாறே செய்தது. எனினும், மாட்டு வண்டியே அன்று பாரம் சுமந்த பெருவாகனம். இந்நிலையைப் போர் தலைகீழாக மாற்றிற்று. இந்தியப் படை இருபத்தைந்து இலட்சம் வீரரைக் கொண்டதாகப் பெருகியது. அவர்களுக்கு உணவும் வெடிமருந்தும் எண்ணெயும் கொண்டு செல்லக் குதிரையும் கோவேறு கழுதையும் போதாமற் போயின. வட ஆப்பிரிக்க மணலிலும் பர்மாவின் சேற்றிலும் ஓடக்கூடிய லாரிகள் ஆயிரக்கணக்கில் வேண்டப்பட்டன. இத்தேவையை நிறைவு செய்த நாடுகளுள் முதன்மையானது கனடா. போர் முடிவதற்குள் அந்நாடு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் செய்து அனுப்பிற்று. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, கனடிய இராணுவ மாதிரி என்று வழங்கப்பட்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இக்குடும்பத்தின் அமைப்பு வியக்கத்தக்கது. போட்டி நிறுவனங்களாகிய ஃபோர்டும் செவ்ரோலேயும் ஒரே மாதிரியை ஒட்டித் தத்தம் ஆலைகளில் வண்டி செய்தன. முகப்பும் ஓட்டுநர் அறையும் சக்கரமும் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே. இஞ்சின் மட்டும் வேறு. ஃபோர்டு வண்டியில் எட்டுச் சிலிண்டர்கள் இரு வரிசையாகச் சாய்ந்து நிற்கும். ஆற்றல் 95 குதிரைத் திறன். செவ்ரோலேயில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். ஆற்றல் 85 குதிரைத் திறன். பெயரைக் கொண்டே வண்டியின் வலிமையை அறியலாம். எஃப்-15, சி-15 என்றால் பதினைந்து அந்தர்ப் பாரம் ஏற்றுவது. எஃப்-60, சி-60 என்றால் அறுபது அந்தர், அதாவது மூன்று டன் ஏற்றுவது. எழுத்து ஆலையையும் எண் பாரத்தையும் காட்டும். பிற்பட்ட மாதிரிகளில் ஓட்டுநர் முன்னுள்ள கண்ணாடியின் மேல் விளிம்பு முன்னுக்கு நீண்டும், கீழ் விளிம்பு உள்வாங்கியும் இருக்கும். வெயில் பட்டுக் கண்ணாடி மின்னி, வானில் பறக்கும் பகை விமானத்துக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாகாது என்பதே அதன் காரணம். இம்முகத்தை ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார்.

போர் நடந்த அந்நாளில் ஊருக்குள் ஓடிய லாரிகளின் நிலை வேறு. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. ஆகவே, வண்டியின் பின்புறத்திலோ பக்கத்திலோ பெரிய இரும்புக் கலம் ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைக் குறைந்த காற்றில் புகைய விட்டு, அப்போது எழும் கரிவாயுவைக் கொண்டு இஞ்சினை ஓட்டினர். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கிளீனர் எழுந்து அடுப்பு மூட்டக் காற்றுச் சக்கரம் சுழற்ற வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். கரிவாயுவின் ஆற்றல் பெட்ரோலினும் மிகக் குறைவாதலால், ஏற்றும் பாரத்தையும் குறைக்க நேர்ந்தது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் இக்கலங்கள் கழற்றி எறியப்பட்டன. ஆயினும் அன்றைய ஓட்டுநரும் மெக்கானிக்கும் அதனால் ஒரு பாடம் கற்றிருந்தனர். ஆலை செய்து தந்த வண்டியைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளத் தம்மால் இயலும் என்பதே அது.

1945இல் போர் ஓய்ந்தது. படைக்கு வேண்டாத வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல் லாரி’ என்ற சொல் தமிழில் புகுந்தது இக்காலத்திலேதான். தனியார் ஒருவர் புதிய லாரி வாங்க இயலாத நிலையில், ஏலத்தில் எடுத்த வண்டி பல குடும்பங்களுக்குத் தொழில் தந்தது. படைப் பச்சை மறைந்து, முகப்பில் முருகனும் மாரியம்மனும் இடம்பெற்றனர். மரம் வெட்டும் காட்டிலும் கல்லுடைக்கும் குவாரியிலும் நான்கு சக்கரங்களும் உந்தும் இவ்வண்டிகளுக்கு நிகர் இல்லை. ஆனால் உதிரிப் பாகங்களுக்குச் சில ஆண்டுகளில் தட்டுப்பாடு வந்தது. முழுதும் பூட்டிய வண்டிகளின் இறக்குமதியை அரசாங்கம் 1949இல் நிறுத்திற்று. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உடையவரே தொழிலில் நிலைக்கலாம் என்ற கொள்கை 1953இல் உறுதிப்பட்டதும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் நம் நாட்டு ஆலைகளை மூடிச் சென்றன. வண்டிகள் இங்கு இருந்தன. அவற்றைப் பெற்ற நிறுவனங்கள் இங்கு இல்லை.

அவ்விடத்தை நிரப்ப நம் நாட்டு ஆலைகள் எழுந்தன. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளை வெளியிட்டது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றிச் சென்னையை அடுத்த எண்ணூரில் நிலைபெற்ற நிறுவனம், 1955 முதல் அசோக் லேலண்ட் என வழங்கலாயிற்று. டாட்டா நிறுவனம் ஜெர்மானிய டெய்ம்லர் பென்ஸ் கூட்டுறவோடு 1954இல் ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கிற்று. 1959இல் ஜபல்பூர் படைக்கல ஆலையில் சக்திமான் பிறந்தது. எம்.ஏ.என். என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டதாதலின், அந்நிறுவனத்தின் பெயரே வண்டிப் பெயரின் ஈற்றில் நயமாக அமைந்தது. இவை வரவரப் போர்க்கால வண்டிகள் பின்னுக்குச் சென்றன. எனினும் அவை உடனே அழிந்துவிடவில்லை. பெங்களூரில் சிவாஜிநகரத்துக் குஜரிக் கடைகளிலும் ஜே.சி. சாலைக் கடைகளிலும் பாகம் தேடியெடுத்து, லேத்துப் பட்டறைகளில் கடைந்து பொருத்தி, அவற்றை மேலும் பல்லாண்டு ஓட்டினர்.

இம்மறுவாழ்வில் நேர்ந்த மாற்றங்களுள் மிகப் பெரியது இஞ்சின் மாற்றம். பெட்ரோல் இஞ்சின் விலைமிக்க எண்ணெயை மிகுதியாகக் குடித்தது. டீசலோ மலிவு, ஒரு காலன் டீசலில் ஓடும் தொலைவும் அதிகம். சென்னையின் சிம்ப்ஸன் நிறுவனம் 1950களில் ஆறு சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினை இங்கேயே செய்யத் தொடங்கியபின், பழைய லாரிகளில் பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு டீசல் இஞ்சினை ஏற்றுவது தென்னாட்டுப் பட்டறைகளின் வழக்கமான வேலையாயிற்று. புது இஞ்சினைத் தாங்க அடிச்சட்டத்தில் புதுத் தாங்கிகளை வைத்து இணைத்தனர். கியர்ப் பெட்டியோடு பொருந்த இடைத்தட்டு ஒன்றைக் கடைந்தனர். இவ்வேலையைச் செய்தவர்கள் வரைபடம் வைத்துக்கொண்டு செய்தவரல்லர். கண்ணளவும் கையளவும் கொண்டு செய்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் பற்றவைத்த தாங்கிகளே அவர்களுடைய கையெழுத்து.

இனி, இத்தகைய வண்டிகளைப் பேணும் இயக்கம் வெளிநாடுகளில் எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்போம். பிரிட்டனில் பழைய வாணிக வண்டிகளுக்கென்றே ஒரு கழகம் 1958இல் தோன்றிற்று. 1962 முதல் அக்கழகத்தார் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் பழைய லாரிகளையும் பஸ்களையும் ஊர்வலமாக ஓட்டிச் செல்லும் விழாவை நடத்தலாயினர். லேலண்ட் நகரிலேயே வாணிக வண்டிகளுக்கான அருங்காட்சியகம் 1983இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் லாரி வரலாற்றுச் சங்கம் 1971இல் நிறுவப்பட்டது. நம் நாட்டிலும் பழைய வண்டிகளைப் போற்றும் அருங்காட்சியகங்கள் எழுந்துள்ளன. அரியானாவின் தாவுருவில் 2013இலும், கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரோடு தொடர்புடைய நிறுவனத்தாரால் 2015இலும் அவை திறக்கப்பட்டன. ஆயினும் நம் நாட்டில் பெரும்பாலோரின் ஆர்வம் அரசர்களும் செல்வர்களும் ஏறிச் சென்ற கார்கள்மீதே படிந்திருக்கின்றது. அடுத்த இடம் ஜீப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும். உழைத்த வண்டியாகிய லாரி கடைசி வரிசையில் நிற்கின்றது.

இதற்குப் பொருளாதாரக் காரணங்களும் உண்டு. கார் ஒன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தலாம். மூன்று டன் லாரியை ஜோகுபாளையத் தெரு ஒன்றில் நிறுத்தினால் தண்ணீர் வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் செல்ல வழியிராது. ஊருக்கு வெளியே கொட்டகை வேண்டும். காருக்கு ஒருவர் தூக்கும் பாகம் லாரிக்கு நால்வர் தூக்குவதாக இருக்கும். ஆதலால் இத்துறையில் இறங்குவோர் தனித்து இயங்க இயலாது. ஒரு லேத்துக்காரர், ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஓர் ஓட்டுநர் என நால்வகைத் தொழிலாளர் துணை வேண்டும். பொழுதுபோக்கு என்று இதனைச் சொன்னாலும், உண்மையில் இது பல கைத்தொழில்களை ஒன்றாகக் கூட்டிக் காக்கும் முயற்சியாகும்.

அம்முயற்சியின் முறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். முதற்கடமை கழற்றுவதன்று, எழுதிவைப்பது. வண்டி கிடைத்த நிலையிலேயே எல்லாப் பக்கங்களிலும் படமெடுத்து, அடிச்சட்ட எண்ணையும் இஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேற்பூச்சைத் தேய்க்குமுன் அதன் அடுக்குகளைப் பார்க்க வேண்டும். மேலே ஒரு லாரி முதலாளியின் பெயரும், அதன் கீழே வேறொரு நிறமும், அடியில் படைப் பச்சையும் தென்படக்கூடும். அந்த அடுக்குகளே வண்டியின் வாழ்க்கை வரலாறு. மணலடித்து ஒரே நாளில் வெள்ளிரும்பாக்கி விட்டால் அவ்வரலாறு தூசியாகிவிடும்.

நெடுங்காலம் நின்ற இஞ்சினை உடனே முடுக்க முயல்வது பெருந்தவறு. சிலிண்டரில் பிஸ்டன் துருவினால் பிடித்திருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளின் வழியே மெல்லிய எண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, பின்பு கை ஹாண்டிலால் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்க வேண்டும். செவ்ரோலே ஆறு சிலிண்டர் இஞ்சினில் இன்னொரு நுட்பம் உண்டு. அதன் இணைப்புத் தண்டுகளின் பேரிங், வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்துக் கடைந்தது. தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை எண்ணெயை வாரித் தெளித்துக்கொள்ளும். இவ்வகைப் பேரிங்கை மீண்டும் வார்ப்பதற்கு ஈயம், வெள்ளீயம், சூடு ஆகியவற்றின் பக்குவம் தெரிந்த கை வேண்டும். ஆயத்த பேரிங் வந்தபின் இவ்வித்தை அருகிவிட்டது. ஒரு பழைய இஞ்சினைக் காப்பவர், அதைக் காக்கும் வித்தையையும் சேர்த்தே காக்கின்றார்.

சக்கரத்தில் உயிருக்கே ஆபத்து உண்டு. பதினைந்து அந்தர் வண்டியின் சக்கரம் இரண்டு எஃகுப் பாதிகளை நட்டுகளால் பிணைத்துச் செய்யப்பட்டது. அச்சோடு சக்கரத்தைப் பூட்டும் நட்டுகள் ஒரு வளையமாகவும், இரு பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் மற்றொரு வளையமாகவும் இருக்கும். டயரில் காற்று இருக்கும்போது இரண்டாம் வளையத்தைக் கழற்றினால், பாதிகள் வெடித்துச் சிதறி எதிரே நிற்பவரைக் கொன்றுவிடும். காற்றை முற்றிலும் இறக்கிய பின்னரே அவற்றைத் தொட வேண்டும். பூட்டு வளையம் உள்ள லாரிச் சக்கரங்களுக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆதலால் ஓடாமல் நிற்கும் வண்டியின் பிரேக் சிலிண்டர்கள் உள்ளுக்குள்ளே துருப்பிடிக்கும். இக்காலத்தில் புதிய தொல்லை ஒன்றும் சேர்ந்தது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிற்று. பழைய கார்புரேட்டரின் தக்கையும் ரப்பரும் அதைத் தாங்கா. அவற்றை எத்தனால் தாங்கும் பொருளால் மாற்றியமைப்பது இன்றியமையாதது.

இவையெல்லாம் கைவேலைக்குரிய சிக்கல்கள், பொறுமையால் தீர்பவை. பொறுமையால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. டீசல் இஞ்சினோடும் மரத் தொட்டியோடும் கிடைத்த போர்க்கால லாரியை எந்த வடிவத்துக்குத் திருப்புவது? கனடாவின் ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் வடிவத்துக்கா, தென்னாட்டுக் குவாரியில் கல் சுமந்த நாளின் வடிவத்துக்கா? முதற்கொள்கையினர், பிறந்த வடிவமே உண்மை வடிவம் என்பர். டீசல் இஞ்சினை அகற்றிப் பழைய பெட்ரோல் இஞ்சினைத் தேடிப் பொருத்துவர். அவர்கள் பணியால் படை வரலாறு விளங்கும். ஆனால் அவ்வாறு செய்யும்போது முப்பது ஆண்டு இந்திய உழைப்பின் அடையாளம் குஜரிக்குப் போய்விடுகின்றது. கனடிய மாதிரி வண்டிகளைப் பிறந்த வடிவில் காக்கக் கனடாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் உளர். சென்னை இஞ்சினும் பெங்களூர்ப் பட்டறையின் தாங்கியும் ஊர்த் தச்சர் இழைத்த தொட்டியும் கொண்ட வண்டியை நாம் காவாவிட்டால் வேறு யார் காப்பார்?

இக்கேள்வி வெறும் சுவைபற்றிய வாதம் அன்று. சட்டமும் இதிலே தலையிடுகின்றது. 2021ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம் பழம்பெரும் மோட்டார் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவும், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண்பலகையும் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்கு அது செல்லும். கண்காட்சிக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் அவற்றைச் சாலையில் ஓட்டிச் செல்லலாம். இது வரவேற்கத்தக்க ஏற்பாடே. ஆனால் இவ்விதிகள் இருசக்கர வண்டிகளையும், சொந்த உபயோகத்துக்கான பயணக் கார் வகையையும் மட்டுமே தழுவுகின்றன. பாரம் ஏற்றும் லாரிக்கு அதில் இடமில்லை. மேலும், அடிச்சட்டமோ உடலோ இஞ்சினோ மாற்றப்படாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே பழைய லாரியைப் பேணுவோர், பாரம் சுமக்காத வண்டிக்கும் பாரவண்டிக்குரிய தகுதிச் சான்றும் வரியும் பார்த்தாக வேண்டியவராகின்றனர். இல்லையேல் அதைக் கொட்டகையிலேயே அசையாப் பொருளாக வைத்துக்கொள்ள நேர்கின்றது. அதே ஆண்டில் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையின் நிழலும் அவர்கள்மேல் விழுகின்றது.

காருக்கு வகுத்த இலக்கணத்தை லாரிக்கு அப்படியே பொருத்துவது பொருந்தாது என்பதே நம் கருத்து. கார் ஆலையிலிருந்து முழு உருவோடு வெளிவந்தது. லாரியோ நம் நாட்டில் நெடுங்காலம் அடிச்சட்டமும் இஞ்சினும் முகப்புமாக மட்டுமே விற்கப்பட்டது. வாங்கியவர் நாமக்கல் போன்ற ஊர்களுக்கு ஓட்டிச் சென்று, அங்கே தொட்டியும் ஓட்டுநர் அறையும் கட்டிக்கொண்டார். ஆலை தந்த மூல வடிவம் என்று காட்டுவதற்கு லாரிக்கு ஓர் உடலே இல்லை. பலர் கை பட்டு நிறைவு பெற்றதே அதன் மூல வடிவம். எனவே, வாணிக உபயோகத்திலிருந்து நீங்கிய ஐம்பதாண்டு லாரிகளையும் பழம்பெரும் வண்டிகளின் பட்டியலில் சேர்ப்பதும், அக்காலத்திலேயே நிகழ்ந்து பதிவுப் புத்தகத்தில் ஏறிய மாற்றங்களை அவ்வண்டியின் வரலாறாக ஏற்றுக்கொள்வதும் நியாயமாகும். சாலைப் பாதுகாப்புக்கு இதனால் கேடு வராதிருக்க, பாரம் ஏற்றலாகாது, குறிப்பிட்ட நாட்களிலேயே ஓட்டலாம் என்ற கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. லாரியைக் காக்க இடமும் பொருளும் இல்லாதவரும் அதன் வரலாற்றைக் காக்கலாம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பதிவுப் புத்தகம், பட்டறைப் பற்றுச்சீட்டு, டிஸ்போசல் ஏலச் சீட்டு, லாரி முன் நின்று எடுத்த குடும்பப் படம் ஆகியவற்றைக் காகிதக் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள். ஜோகுபாளையத்திலும் அல்சூரிலும் தளப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்களிடமும், வெள்ளை உலோகம் வார்த்த கொல்லர்களிடமும், கரிவாயு வண்டியைப் பற்றித் தந்தையர் சொல்லக் கேட்டவர்களிடமும் சென்று, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து கொள்ளுங்கள். இரும்பை உருக்கினால் மீண்டும் இரும்பாகும். அந்த இரும்பை ஓடவைத்த அறிவு ஒருமுறை மறைந்தால் அதை வார்த்தெடுக்க எந்த உலையும் இல்லை.